குறுந்தகட்டு இசையைப் படியெடுத்தல்

1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகடுகள் இன்று பல இல்லங்களிற் பேழை பேழையாய் உறங்குகின்றன. அவற்றை இயக்கும் கருவிகளோ அருகி வருகின்றன. ஆதலின், ஆயிரம் தகடு உடையாரும் அவற்றைக் கணினியிற் படியெடுக்க விழைகின்றனர். விழைவு நன்றே, எங்ஙனம் எடுப்பது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

எம்.பி. 3 வடிவே போதும் என்பாருளர். நன்கமைந்த எம்.பி. 3 இசைக்கும் மூலத்துக்கும் வேற்றுமை காணுதல் பெரும்பாலார் செவிக்கு அரிதென்பதை நாமும் ஒப்புகின்றோம். எனினும், அம்முறை செவிக்குப் புலனாகாதெனக் கருதும் பகுதிகளைக் களைந்துவிடுகின்றது, களைந்தது மீளாது. நாளை வேறொரு வடிவுக்கு மாற்றுங்கால் குறை பின்னும் பெருகும். உண்பதற்கு அரிசி போதும். விதைப்பதற்கோ நெல்லே வேண்டும். ஃபிளாக் என்னும் இழப்பிலா வடிவு அத்தகைய விதைநெல்லாகும்.

இடம் போதுமோ எனின், ஒரு மணி நேர இசை சுருக்காத நிலையிலும் ஏறக்குறைய 635 மெகாபைட்டே. ஆயிரம் தகடும் கையிலடங்கும் ஒரு டெராபைட் வட்டினுள் அமையும். இனி, மூலத்தினும் உயர்த்திப் பதிவோம் என்பாரும் உளர். தகட்டிலுள்ளவை நொடிக்கு 44,100 மாதிரிகள். அவற்றை 96,000 ஆக்குவதால் இல்லாத நயம் தோன்றுமோ?

நிற்க. உண்மையான செலவு உழைப்பே. நாளொன்றுக்கு நான்கு தகடு எனினும் ஆயிரத்துக்கு 250 நாள் ஆகும். கீறல் பட்ட தகட்டிற் படிக்கவியலாத இடத்தைக் கருவி ஊகத்தால் நிரப்பிச் செல்லுதல் உண்டு. கேட்பார் அதனை அறியார். ஆதலின், ஐயமுள்ள இடத்தை மீண்டும் மீண்டும் படித்து, பிறர் அதே பதிப்பினின்று பெற்ற சரிபார்ப்பெண்ணோடு ஒப்பிடும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளையே கொள்ளல் வேண்டும்.

பெயரிடுதலும் சிறு பணியன்று. இணையம் தரும் குறிப்பை ஆராயாது ஏற்பின், தோடி இராகமே இருவேறு எழுத்துக்கூட்டலில் நின்று தேடுவார்க்கு அகப்படாது போம். உறையில் அச்சிட்ட இராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர் ஆகிய அனைத்தையும் உடனெழுதுக. இவையின்றேல் எஞ்சுவது ஒலி மட்டுமே. ஒரு கச்சேரியின் வரலாறு அன்று.

முடிந்தபின் இரு படிகளை இருவேறிடத்தில் வைத்தல் இன்றியமையாதது. ஒரு வட்டு பழுதுறின் அனைத்தும் ஒருங்கே அழியுமன்றோ? இடத்துக்கும் காலத்துக்கும் அஞ்சிக் குறைபட எடுப்பார் மறுமுறை எடுக்க நேரும். 250 நாள் உழைப்பை எவர்தாம் இருமுறை மேற்கொள்வர்?