மரத்தோடு என்ன பகை?

போர் என்றால் மாண்டவர்களை எண்ணுகிறோம். வெட்டிய மரத்துக்கு யார் கணக்குக் கேட்பது?

முதல் கலீஃபா அபூபக்கர் கேட்டார்! சிரியாவுக்குப் படை அனுப்பியபோது, காய்க்கும் மரத்தை வெட்டக்கூடாது, உணவுக்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் கொல்லக்கூடாது என்று கட்டளையிட்டதாக இமாம் மாலிக்கின் முவத்தா சொல்கிறது. இது 7-ஆம் நூற்றாண்டில். ஜெனிவா உடன்படிக்கைகளில் சுற்றுச்சூழல் இடம்பெற்றதோ 1977-இல்தான்.

போருக்குத் தேவையென்றால் வெட்டலாம் என்ற சட்ட அறிஞர்களும் உண்டு. பனூ நளீர் முற்றுகையில் பேரீச்சை மரங்கள் வெட்டப்பட்டதை அவர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள். சரி, 1991-இல் சதாம் உசேனின் படை குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்தியதே, அது என்ன தேவை? தோற்று ஓடும்போது வைத்த தீ! கடைசிக் கிணற்றை அடக்க நவம்பர் ஆனது. அதே ஆண்டு ஜனவரியில்தான் அவர் ஈராக் கொடியில் ‘அல்லாஹு அக்பர்’ என்று எழுதச் செய்திருந்தார்.