நுங்கம்பாக்கத்தில் பிடித்த கிரகம்

கங்கைகொண்டானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். (ராஜேந்திர சோழனைத் தேடி அரியலூர்ப் பக்கம் போய்விடாதீர்கள். இது திருநெல்வேலிக்கு வடக்கே, சிற்றாற்றங்கரையில், சிப்காட் இருக்கிற கங்கைகொண்டான்.) அங்கே அவருக்கு ஷிஃப்ட் வேலை. ‘சினிமாவில் ஒரு கிரகத்தில் ரெண்டு சூரியன் அஸ்தமிக்குதே சார், நிஜமா, ரீலா?’

நிஜம்தான். 2011-ல் கெப்ளர்-16பி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு நட்சத்திரங்கள் 41 நாளைக்கு ஒரு தடவை ஒன்றையொன்று சுற்றிக்கொள்ள, சனி சைஸில் ஒரு கிரகம் அந்த இரண்டையும் சேர்த்து 229 நாளில் வலம் வருகிறது. அங்கே பிறக்கிற பிள்ளைக்கு ஜாதகத்தில் சூரியனை எத்தனை கட்டத்தில் போடுவது என்பதை ஜோசியர்கள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

ஆனால் இரட்டை நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டு என்று கணக்குப் போட்டு அச்சில் சொன்னது நாசாவுக்கு ரொம்ப முந்திய சமாசாரம். சொன்ன இடம் நுங்கம்பாக்கம். வருஷம் 1855.

டி.வி.யில் ‘நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை’ என்று தினம் கேட்கிறோமே, அந்த வானிலை மையத்தின் வளாகத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் வானாராய்ச்சிக் கூடம் கட்டியது. டெலஸ்கோப் ஆடாமல் நிற்பதற்காக அப்போது நட்ட கருங்கல் தூண் இன்னும் இருக்கிறது. தமிழ் உள்பட நாலு மொழியில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த வழியாக ஆபீஸ் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கணக்கெடுத்தால் வருத்தமாக இருக்கும்.

1855-ல் அங்கே பெரிய அதிகாரி கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். ராணுவ இன்ஜினீயர். ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலான லென்ஸ் வைத்த டெலஸ்கோப்பில் அவர் கண் வைத்தது ‘70 ஒஃபியூக்கி’ என்ற ஜோடி. நமக்குப் பக்கத்து வீடு. 16 ஒளியாண்டுச் சொச்சம். இரண்டும் நம் சூரியனைவிடச் சின்ன, ஆரஞ்சு நிற நட்சத்திரங்கள். ஒரு சுற்று முடிக்க 88 வருஷம்.

வானத்தில் ஜோடி என்றதும் அருந்ததி, வசிஷ்டர் ஞாபகம் வரும். பட்டப்பகலில் புரோகிதர் கை காட்ட, மாப்பிள்ளை தலையாட்டுகிற அதே ஜோடிதான். அவர்களை நல்ல கண்ணாடியில்லாமலே பிரித்துப் பார்த்துவிடலாம். ஒஃபியூக்கி தம்பதி அப்படியில்லை. ஒரு ரூபாய் நாணயத்தை நாலரை கிலோமீட்டர் தள்ளி வைத்தால் எத்தனை பெரிசாகத் தெரியும்? அதில் ஆறேழு நாணயத்தை வரிசையாக அடுக்கினால் வரும் அகலம்தான், இரண்டும் நன்றாக விலகி நிற்கிறபோதே, நடுவில் தெரிகிற இடைவெளி! சென்னைப் புழுக்கத்தில், மின்விளக்கு இல்லாத காலத்தில், அந்த இடைவெளியை ராத்திரி ராத்திரியாக அளந்து எழுதியிருக்கிறார்கள்.

ஜேக்கப் பழைய அளவுகளையும் தன் அளவுகளையும் சேர்த்துப் பார்த்தார். பாதை கணக்குக்குள் உட்காரவில்லை. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நெளிந்தது. இரண்டு குழந்தைகள் கை கோத்துத் தட்டாமாலை சுற்றுகிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தியின் இடுப்பில் தம்பிப் பாப்பா இருந்தால் அவள் சுற்று கோணும். இருட்டில் பாப்பா தெரியாவிட்டாலும் கோணலை வைத்து ‘இடுப்பில் ஏதோ இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். ஜேக்கப்பின் வாதம் ஏறக்குறைய இதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இந்தக் குடும்பத்தில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார்.

பாப்பா இல்லை! கோணல் நட்சத்திரத்தில் இல்லை, அளவுகளில் இருந்தது.

அதற்காக யாரும் சும்மா விடவில்லை. 1890-களில் அமெரிக்காவில் சீ என்பவர், ‘இருக்கிறது, 36 வருஷத்தில் சுற்றுகிறது’ என்று கிளப்பினார். 1899-ல் மௌல்டன் என்ற இளைஞர் கணக்குப் போட்டு, அப்படி ஒன்று இருந்தால் அந்தக் குடும்பம் நிலைக்காது, சிதறிவிடும் என்று காட்டிவிட்டார். சீ பத்திரிகைக்கு எழுதிய பதிலில் இருந்த காரத்தைப் பார்த்து ஆசிரியர் பயந்துபோய் வெட்டித்தான் போட்டார். 1943-ல் மறுபடி இரண்டு பேர் கிளப்பினார்கள். அப்புறம் வந்த துல்லியமான கருவிகள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கின.

இதையெல்லாம் பார்க்க ஜேக்கப் இல்லை. உடம்பு சரியில்லாமல் சென்னை வேலையை விட்டவர், பூனா பக்கத்து மலையில் புதிதாக ஆராய்ச்சிக் கூடம் வைக்க 1862 ஆகஸ்டில் பம்பாயில் வந்து இறங்கினார். அதே மாசம் பூனாவில் காலமானார். வயது 48.

இதை வைத்து ‘வெள்ளைக்காரன் கோட்டை விட்டான்’ என்று சிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் வழி சரி, அளவுகோல்தான் போதவில்லை. காமா செஃபை என்று இன்னொரு ஜோடி. அதில் பெரிய நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் ஆடுவதை 1988-ல் மூன்று கனடாக்காரர்கள் பார்த்து, கிரகமோ என்றார்கள். 1992-ல் அவர்களுக்கே சந்தேகம் வந்து பின்வாங்கினார்கள். கடைசியில் 2003-ல் ஊர்ஜிதம்: வியாழனைவிடக் கனமான ராட்சசக் கிரகம், இரண்டரை வருஷத்துக்கு ஒரு சுற்று. கூட இருக்கிற நட்சத்திரம் தள்ளி நின்று அறுபது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு சுற்றுகிறது. அதே ‘இடுப்பில் பாப்பா’ தர்க்கம்தான். நுங்கம்பாக்கத்திலிருந்து இதற்கு வந்து சேர 148 வருஷம்.

கங்கைகொண்டான் நண்பருக்கு ஒரு வேலை. ஆடி மாசம் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு சிப்காட் விளக்குகளை விட்டுத் தள்ளி, மான்கள் திரிகிற காட்டுப் பக்கமாக இருட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். குற்றாலத்துக்குப் போகிற மேகம் வழிவிட்டால், தெற்கே விருச்சிகத்தின் வால் தெரியும். 70 ஒஃபியூக்கி உங்கள் உச்சந்தலைக்கு ஏறக்குறைய நேர் மேலே மங்கலாக நிற்கும். வெறும் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி. மூன்று அங்குல டெலஸ்கோப் யாரிடமாவது இருந்தால் இரண்டாகப் பிரியும். 1855-லிருந்து 88 வருஷச் சுற்று இரண்டு போட்டு, 2031 வாக்கில் இரண்டும் ஜேக்கப் பார்த்த அதே நிலைக்கு வந்து நிற்கும்.