பொதுக் கல்வியைத் திரையிடம் ஒப்புவிக்கலாமா?

சர்வகலாசாலை மானியக் குழுவினர் 2021-ஆம் வருஷத்தில் பிறப்பித்த விதிகளின்படி, ஒரு பட்டப் படிப்பில் ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதம் வரையில், 'ஸ்வயம்' என்னும் மத்திய சர்க்காரின் இணையவழிக் கல்விச் சாதனத்தின் வாயிலாக மாணாக்கர் கற்று, அதற்குரிய கிரெடிட்டைத் தங்கள் கலாசாலையிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 2016-இல் இவ்விதி முதலில் ஏற்பட்டபோது வரம்பு 20 சதவீதம். ஐந்து வருஷத்துக்குள் அது இரட்டித்துவிட்டது. ஐந்து பாடங்கள் உள்ள ஒரு பருவத்தில் இரண்டு பாடங்களை வகுப்பறைக்குள் காலெடுத்து வைக்காமலே முடித்துவிடலாம் என்பது இதன் பொருள். இத்தனை பெரிய மாறுதலைப் பற்றிக் கலாசாலைகளுக்கு வெளியே போதிய விவாதம் நடைபெறவில்லை என்பது வருந்தத்தக்கது.

இவ்விரண்டு பாடங்கள் எவையாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பௌதிக மாணவனுக்குப் பௌதிகத்தைக் கற்பிக்க ஓர் இலாகா இருக்கிறது. அதற்குத் தலைவர் இருக்கிறார். தம் பாடத்தின் மணிகளை அவர் எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார். அதே மாணவன் கற்கவேண்டிய பொதுப் பாடங்களுக்கோ பரிந்து பேச ஒருவருமில்லை. சரித்திரம், அரசியல் சாஸனம், சுற்றுச்சூழல், தத்துவம், எழுத்தும் பேச்சும் ஆகிய இவைதாம் முதலில் திரைக்கு அனுப்பப்படக் கூடியவை. ஆகவே, பொதுக் கல்வி என்பது எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வது அவசியமாகிறது.

முதல் உலக யுத்தம் முடிந்த மறுவருஷமாகிய 1919-இல், அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலை தன் இளைஞர் அனைவருக்கும் தற்கால நாகரிகத்தைப் பற்றிய ஒரு பொதுப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டாம் யுத்தம் முடிந்த 1945-இல் ஹார்வர்டு சர்வகலாசாலை, சுதந்தர சமுதாயத்தில் பொதுக் கல்வியின் இடம் யாது என்பதைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நம் தேசம் விடுதலை அடைந்த உடனே, 1948-49-இல், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த கமிஷனும் பட்டப் படிப்பில் பொதுக் கல்விக்கு இடமளிக்கவேண்டும் என்றே சிபாரிசு செய்தது. தொழில் தெரிந்தவன் மட்டும் போதாது, அயலானோடு கூடி யோசித்து முடிவு செய்யத் தெரிந்த பிரஜை வேண்டும் என்ற எண்ணமே இம்மூன்றுக்கும் அடிப்படை.

இந்தியாவில் அந்தச் சிபாரிசு துண்டு துண்டாகவே நிறைவேறியது. சுப்ரீம் கோர்ட்டார் 1991-இல் பிறப்பித்த உத்தரவின் பயனாகச் சுற்றுச்சூழற் கல்வி எல்லா இளங்கலை மாணவர்க்கும் கட்டாயமாயிற்று. 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்ட அமைப்பில், மூன்று வருஷப் பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டுகளில் பல்துறைப் பாடங்களுக்கு 9, மொழித் திறனுக்கு 8, மதிப்புக் கல்விக்கு 6 முதல் 8 வரை என்று ஒதுக்கப்பட்டுள்ளது. அமெரிக்கப் பொதுக் கல்வியை ஒத்த ஒரு பகுதி இப்போதுதான் நம் பட்டத்தில் முறையாக இடம் பெறுகிறது. இடம் பெறும்போதே அதை வகுப்பறையிலிருந்து வெளியேற்றவும் வழி திறந்திருப்பது விந்தையே.

இணையவழிக் கல்வியை நாம் இகழவில்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் முயற்சி பெரிய தர்ம காரியம். 2017-இல் ஏற்பட்ட ஸ்வயம் அதை எல்லாத் துறைகளுக்கும் விரித்தது. பரமக்குடியிலோ கள்ளக்குறிச்சியிலோ உள்ள கலாசாலையில் தத்துவ இலாகாவோ புவியியல் இலாகாவோ இல்லாமற் போகலாம். அங்கே படிக்கும் இளைஞன் ஒருவன் தேசத்தின் தலைசிறந்த பேராசிரியர் ஒருவரின் சொற்பொழிவைக் காசு கொடாமல் கேட்க முடிவது முன் தலைமுறைக்குக் கிட்டாத பாக்கியம். தானே விரும்பித் தேடிப் படிப்பவனுக்கு இச்சாதனம் ஒரு நூலகத்துக்குச் சமானம். நமது ஐயமெல்லாம், விரும்பித் தேடாதவனையும் கட்டாயத்தின் பேரில் இதனிடம் ஒப்புவிப்பதைப் பற்றியதே.

இது விஷயத்தில் நமக்கு முன்னே அமெரிக்கர் சூடுபட்டிருக்கின்றனர். காலிபோர்னியா ராஜ்யத்தில் சர்க்கார் கலாசாலைகளில் பொதுப் பாடங்களுக்கு இடம் கிடைக்காமல் மாணவர் பட்டம் பெறுவது தாமதமாகிவந்தது. 2013 ஜனவரியில் கவர்னர் ஜெர்ரி பிரௌன் முன்னிலையில், சான் ஹோஸே ஸ்டேட் சர்வகலாசாலையும் யூடாஸிட்டி என்ற கம்பெனியும் ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தன. ஆரம்பக் கணிதம், அல்ஜீப்ரா, புள்ளிவிவர இயல் ஆகிய மூன்று பாடங்கள். பாடம் ஒன்றுக்கு 150 டாலர். வகுப்பறைக் கட்டணத்தில் இது சிறு பகுதி. அதே சமயத்தில் ராஜ்ய சட்டசபையில், நெரிசல் மிகுந்த பொதுப் பாடங்களை வெளிக் கம்பெனிகளிடம் இணையவழியில் படித்தாலும் சர்க்கார் கலாசாலைகள் கிரெடிட் கொடுத்தே தீரவேண்டும் என்று ஒரு மசோதாவும் வந்தது.

விளைவு யாது? வகுப்பறையில் இப்பாடங்களைப் படித்தோரில் நான்கில் மூன்று பங்கினர் தேறுவது வழக்கம். திரையில் படித்தோரில், எந்தப் பாடத்திலும், தேறியவர் ஏறக்குறையப் பாதிக்கு மேற்படவில்லை. ஆரம்பக் கணிதத்தில் அந்தப் பாதியும் எட்டவில்லை. முன்னமே கணிதத்தில் தவறியவர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் அதில் மிகுதியாக இருந்தனர்; சிலருக்குத் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வசதிகூட இல்லை. ஜூலையில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கோடையில் நடந்த அடுத்த சுற்றில் தேறியவர் தொகை வெகுவாக உயர்ந்தது உண்மை. ஆனால் அச்சுற்றில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் முன்னமே பட்டம் பெற்றவர்கள்! மேற்சொன்ன மசோதாவும் அதே வருஷத்தில் கைவிடப்பட்டது.

இரண்டு வருஷங்களுக்குப் பின், 2015-இல், அரிஜோனா ஸ்டேட் சர்வகலாசாலை முதல் வருஷப் பொதுப் பாடங்களை உலகத்தார் யாவருக்கும் திறந்துவிட்டது. தேறிய பிறகு பணம் கட்டினால் போதும் என்பது ஏற்பாடு. முதல் மூன்று பாடங்களுக்குப் பதிவானவை 34,000-க்கு மேல். கிரெடிட்டுக்குத் தகுதி பெற்றவர் 323 பேர். நூற்றுக்கு ஒருவர்! அவர்களில் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்களாயிருக்கலாம். அவர்களைத் தோற்றவர் என்று எண்ணுவது நியாயமன்று. எனினும், கதவைத் திறந்துவைப்பது வேறு, உள்ளே வந்தவனைக் கைப்பிடித்துக் கரை சேர்ப்பது வேறு என்பதை இக்கணக்கு காட்டிவிட்டது.

வாஷிங்டன் ராஜ்யத்துச் சமுதாயக் கலாசாலைகளில் 40,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் படித்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பாடப் பதிவுகளைக் கொலம்பியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் இருவர் ஒப்பிட்டுப் பார்த்தனர். இணையவழிப் பாடத்தில் எல்லாரும் சற்றுப் பின்தங்கினர். ஆண்கள், வயதில் இளையவர், நீக்ரோ வகுப்பினர் என்று முற்காலத்தில் சொல்லப்பட்ட கறுப்பு இனத்தவர், முன்னரே குறைந்த மார்க்கு வாங்கியவர் ஆகியோர் அதிகமாகப் பின்தங்கினர். வகுப்பறையில் இருந்த ஏற்றத்தாழ்வு திரையில் இன்னும் அகன்றது.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. தனித்திருந்து, தன்னைத் தானே அடக்கி, நேரம் வகுத்துப் படிக்கும் திறமை உள்ளவனுக்கே இணையவழிப் பாடம் பயன் தருகிறது. அத்திறமை இல்லாதவனுக்கு அதை உண்டாக்குவதற்காகவே பொதுக் கல்வி ஏற்பட்டது. மருந்தை உண்பதற்கு முன்னர் நோய் தீர்ந்திருக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இருக்கிறது இந்த ஏற்பாடு. குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாசலை மிதித்த பிள்ளைக்கு, கேள்வி கேட்கலாம் என்ற துணிவையே ஓர் ஆசிரியர் ஊட்டவேண்டியிருக்கிறது. வீடியோ அவனைப் பெயர் சொல்லி அழைக்காது. பின் வரிசையில் அவன் மௌனமாயிருப்பதையும் அது காணாது.

சான் ஹோஸே தத்துவ இலாகா ஆசிரியர்கள் 2013-இல் இதே அபாயத்தைச் சுட்டிக்காட்டினர். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் ஸாண்டெல் நீதியைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளைத் தங்கள் வகுப்பில் ஓட்டுவதற்கு அவர்கள் மறுத்து, அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினர். பணக்கார மாணவனுக்கு உயிருள்ள பேராசிரியர், ஏழை மாணவனுக்கு அவருடைய வீடியோ என்று இரண்டு ஜாதிச் சர்வகலாசாலைகள் உண்டாகிவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த அச்சம் நியாயமானதே என்று ஸாண்டெலும் ஒப்புக்கொண்டார். நீதியைப் பற்றிய பாடத்தை வைத்தே இந்த அநீதி நடக்கவிருந்ததைக் கவனிக்கவேண்டும்.

நம் விதிகளுக்குத் திரும்புவோம். ஒரு பாடத்தை ஸ்வயத்துக்கு அனுப்பலாம் என்பதற்கு 2016-ஆம் வருஷத்து விதிகள் கூறிய காரணங்கள் மூன்று. அப்பாடத்துக்குத் தக்க ஆசிரியர் இல்லாமை ஒன்று. மாணவர் விரும்பும் விருப்பப் பாடம் கலாசாலையில் இல்லாமை மற்றொன்று. வகுப்பில் நடக்கும் போதனைக்குத் துணையாயிருத்தல் மூன்றாவது. பின்னவை இரண்டும் வரவேற்கத்தக்கவை. முதற் காரணமே நம்மைக் கலங்கச் செய்கிறது. ஆசிரியர் இல்லையென்றால் ஆசிரியரை நியமிப்பதல்லவா சர்க்காரின் கடமை? நமது ராஜ்யத்துச் சர்க்கார் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரால் நிரந்தரமற்ற உத்தியோகத்தில் காலம் தள்ளும் படித்த இளைஞர் எத்தனையோ பேர். காலியிடங்களை நிரப்பக் கோரி அவர்கள் மனுக்கொடுக்கும் காலத்தில், காலியிடமே ஒரு நியாயமான காரணமென்று விதிப் புத்தகத்தில் ஏறியிருப்பது பொருத்தமாகுமா? குறை தற்காலிகமாக இருக்கும்வரையில் திரை ஊன்றுகோல். குறை நிலைத்துவிட்டால் அதுவே கால் என்று கணக்கெழுதப்படும்.

இன்னும் இரண்டு தடைகளைச் சொல்லியாகவேண்டும். முதலாவது மொழி. ஸ்வயத்தில் உள்ள பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வந்திருப்பது நல்ல தொடக்கமே. ஆயினும், தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவன் பிரஜைக்குரிய கல்வியைத் தன் மொழியில் பெற முடியாதென்றால், அக்கல்வி யாருக்காக? இரண்டாவது பரீட்சை. என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்தர ஒப்படைப்புக்கு 25 சதவீதமும், மேற்பார்வையில் நடக்கும் இறுதிப் பரீட்சைக்கு 75 சதவீதமும் மார்க்கு. இறுதிப் பரீட்சை நேர்மையானது, கட்டணமும் உண்டு. ஒப்படைப்பு வினாக்களின் விடைகளோ இன்டர்நெட்டில் இறைந்து கிடக்கின்றன என்பது மாணாக்கர் யாவரும் அறிந்த ரகசியம். ஒரு கட்டுரை எழுதாமலும், ஒருவரோடு வாதாடாமலும், சரியான விடையைக் குறியிட்டே சரித்திரத்திலும் தத்துவத்திலும் கிரெடிட் பெறலாமென்றால், அக்கிரெடிட் எதற்குச் சாட்சி?

ஆகவே நாம் கோருவது இது. கட்டாயப் பொதுப் பாடம் எதையும், ஆசிரியர் இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, ஒரு வருஷத்துக்கு மேல் திரைக்கு அனுப்பக்கூடாது. அதற்குள் ஆசிரியர் நியமனம் நடக்கவேண்டும். இணையவழியில் படிக்கும் மாணாக்கரை வழிநடத்தக் கலாசாலை ஒருவரை நியமிக்கவேண்டுமென்றும், கம்ப்யூட்டர் முதலிய வசதிகளை இலவசமாக அளிக்கவேண்டுமென்றும் 2016 விதிகளே கூறின. அவை காகிதத்தோடு நில்லாமல், அவ்வழிகாட்டிக்குக் கால அட்டவணையில் வாரம் ஒரு மணியாவது ஒதுக்கப்படவேண்டும்; அந்த மணி அவருடைய வேலைக் கணக்கிலும் ஏறவேண்டும். ஒவ்வொரு கலாசாலையும், திரையில் படித்தோர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர், வகுப்பில் படித்தோர் நிலை யாது என்பதை வருஷந்தோறும் வெளியிடவேண்டும். அமெரிக்கர் தங்கள் தோல்வியை ஆறு மாதத்தில் அறிந்துகொண்டதற்குக் காரணம் அவர்கள் எண்ணிப் பார்த்ததுதான். நாம் எண்ணவே தொடங்கவில்லையென்றால் நமது தோல்வி வெளிப்பட ஒரு தலைமுறை ஆகும்.

செனட்டுகளிலும் கல்விக் குழுக்களிலும் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களும், மாணவர் சங்கத்தாரும், சட்டசபை அங்கத்தினர்களும் இவ்விஷயத்தை இனியும் அலட்சியம் செய்யலாகாது. 40 சதவீதம் என்பது வரம்பேயன்றிக் கட்டளையன்று. அதற்குள் எதை அனுப்புவது, எதை வகுப்பில் வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இன்னமும் கலாசாலைகளிடமே இருக்கிறது. விருப்பப் பாடங்களுக்குத் திரையைத் தாராளமாகத் திறந்துவிடட்டும். பிரஜையை உருவாக்கும் பாடத்துக்கு மட்டும் ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் இருக்கட்டும்.