மாவட்டங்கள் மூடிய பெட்டிகள் அல்ல

நோய்ப்பரவலைக் கணினியில் உருவகப்படுத்தும் ஆய்வேடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நாட்டை மாவட்டவாரியாக உட்குழுக்களாகப் பிரிக்கிறார்கள். இரு மாவட்டங்களின் மக்கள்தொகையைப் பெருக்கித் தொலைவால் வகுக்கிறார்கள். கிடைத்த எண்களுக்குப் ‘பயண அணி’ என்று பெயர் சூட்டுகிறார்கள். ஈர்ப்பு மாதிரி எனப்படும் இது, தரவு இல்லாத இடத்தில் ஊன்றிக்கொள்ளும் கோல். அதையே தரவாக்கி, முடிவுரையில் அரசுக்குப் பரிந்துரையும் எழுதுவது அறிவியல் ஆகாது.

ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகையும் தொலைவும் மட்டுமே வழிகாட்டுமானால், அம்மாவட்டத்தார் புவனேசுவரத்துக்கோ விசாகப்பட்டினத்துக்கோதான் பெருமளவில் செல்ல வேண்டும். ஆனால் பல பத்தாண்டுகளாக அவர்கள் திரளாகச் செல்வது நாட்டின் மறுபக்கத்திலுள்ள சூரத்தின் விசைத்தறிக் கூடங்களுக்கு. அவர்களை இழுத்துச் செல்வது முன்னே போன உறவினரும் ஊராரும். 2020 கோடையில் அவர்கள் ஊர் திரும்பியபோது, ஒடிசாவில் தொற்று மிகுந்த மாவட்டமாகக் கஞ்சாம் ஆயிற்று. ஈர்ப்புச் சூத்திரத்தில் இவ்வழி ஏறத்தாழச் சுழியம்.

மொழியியலில் முதுகலை முடித்து இத்துறைக்குள் வந்த எனக்கு இது வியப்பளிக்கிறது. ஒலிமாற்றம் ஊர்விட்டு ஊர் பரவுவதை விளக்க, பீட்டர் டிரட்ஜில் 1974-இல் இதே ஈர்ப்பு மாதிரியைக் கையாண்டார். மக்கள்தொகையும் தொலைவும் போதா என்று கண்டு, கிளைமொழிகளுக்கிடையிலான ஒப்புமையையும் ஒரு காரணியாகச் சேர்த்தார். சொல்லின் பயணத்துக்குக் காட்டிய அக்கறையை மனிதரின் பயணத்துக்குக் காட்டக் கூடாதா?

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. பல நிரல்களில், ஒருவர் ‘அ’ குழுவிலிருந்து ‘ஆ’ குழுவுக்குச் சென்ற கணமே ‘ஆ’ குழுவினர் ஆகிவிடுகிறார். அவருக்கு ஊர் என்பதே அழிந்துபோகிறது. மாலையில் வீடு திரும்பும் அலுவலரும், எட்டு மாதம் செங்கல் சூளையில் உழைத்து மழைக்கு முன் திரும்பும் குடும்பமும் அங்கே ஒன்றே. சொந்த ஊர், இருக்கும் ஊர் என இரு குறியீடுகளையும் ஏந்தும் மாதிரியைச் சாட்டன்ஸ்பீலும் டீட்ஸும் 1995-லேயே வகுத்துவிட்டனர். அதைக் கைக்கொள்ளாததற்குக் கணினியின் வலுவின்மை இன்று காரணமாக முடியாது.

‘தரவு இல்லையே’ என்பார்கள். 2011-க்குப் பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகள் இல்லை என்பது உண்மை. ஆயினும் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, முன்பதிவில்லா இரயில் பயணக் கணக்கிலிருந்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 90 இலட்சம் பேர் மாநிலம் கடந்து வேலைக்குச் செல்வதாக மதிப்பிட்டது. தேடியவருக்குக் கிடைத்தது.

ஆகவே, வழிகாட்டும் பேராசிரியர்களும் மதிப்பீட்டாளர்களும் மூன்று கேள்விகளைக் கட்டாயமாக்க வேண்டும். பயண அணி எங்கிருந்து வந்தது? போனவர் திரும்புவாரா, எப்போது? போக்குவரத்து ஒரே நாளில் நின்றாலோ தலைகீழானாலோ முடிவு என்னவாகும்? இவற்றுக்கு விடையில்லாத ஏடு, படுக்கைகளையும் தடுப்பூசிகளையும் எந்த மாவட்டத்துக்கு அனுப்புவது என்று சொல்லும் தகுதியற்றது. அணியில் நாம் இடும் ஒவ்வொரு சுழியமும், அவ்வழியே நடந்து போகும் மனிதர் இல்லை என்று நாம் செய்யும் அறிவிப்பு.