புலியைக் காணச் செல்வோரும் புலிக்காக வெளியேற்றப்படுவோரும்

கோடை விடுமுறையில் வடபழனியிலிருந்து ஊட்டிக்குப் புறப்படும் குடும்பங்கள் பல, வழியில் முதுமலையையும் சேர்த்துக்கொள்கின்றன. தெப்பக்காட்டில் வனத்துறை வாகனம் ஏறி, மான், காட்டெருமை, யானை ஆகியவற்றைக் கண்டு, புலி தென்படவில்லையே என்ற குறையோடு திரும்புகிறோம். அக்காட்டில் தலைமுறைகளாக வாழும் காட்டுநாயக்கரும் பணியரும் குறும்பரும் இருளரும் நம் பார்வையில் படுவதே இல்லை. தெப்பக்காட்டுக் காட்டுநாயக்கர் இணையர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வென்றபோது, படப்பிடிப்புத் தளங்களின் ஊரான வடபழனியும் மகிழ்ந்திருக்கும். அம்மக்களின் நில உரிமை குறித்து அப்போதும் பேச்சு எழவில்லை.

முதுமலையில் 321 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2007 டிசம்பர் இறுதியில் புலிகளின் உள்வட்ட வாழிடமாக அறிவிக்கப்பட்டது. வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே டிசம்பர் 31ஆம் நாள்தான். மக்களுக்கு உரிமை வந்து சேரும் முன்பே எல்லையை வரைந்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். அதன்பின், சென்னை உயர்நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முடங்கியது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகே அத்தடை நீங்கியது.

உரிமைகளை அங்கீகரிக்கும் பணியே முடியாத நிலையில், 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. நாடு முழுவதும் உள்வட்டப் பகுதிகளில் எஞ்சியிருக்கும் 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை விரைந்து இடமாற்றுமாறு அது வலியுறுத்தியது. சட்டம் சொல்வதோ வேறு. முதலில் உரிமைகள் அங்கீகரிக்கப்பட வேண்டும். மக்களும் விலங்கும் சேர்ந்து வாழ வழியில்லை என்பது நிறுவப்பட வேண்டும். கிராம சபை முழு விவரமறிந்து எழுத்துபூர்வமாக ஒப்ப வேண்டும். இவற்றுக்குப் பிறகே இடமாற்றம் குறித்துப் பேசவே முடியும். அதே ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களோ, உள்வட்டத்தின் 20 விழுக்காடு வரை சுற்றுலாவுக்கு இடமளிக்கின்றன. வேடிக்கை பார்க்க வருவோரின் வாகனம் செல்லலாம். கிழங்கும் தேனும் எடுத்து வாழ்வோர் வெளியேற வேண்டுமாம்!

‘தாமாக முன்வந்த இடமாற்றம்’ என்ற சொல்லையும் நாம் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். முதுமலையின் உட்கிராமங்களில் மவுண்டாடன் செட்டிகளிடம் நிலம் இருந்தது. பணியர் அந்நிலங்களில் கூலிகளாக உழைத்தவர்கள். நிலமுடையோர் வெளியேற விரும்புவதும், வேலையும் காடும் ஒருசேரப் பறிபோகும் நிலையில் நிலமற்றோர் ஒப்புக்கொள்வதும் ஒன்றாகுமா? அய்யன்கொல்லிப் பக்கம் குடியமர்த்தப்பட்ட பழங்குடிக் குடும்பங்கள், நிலம் வாங்கித் தருவதாகச் சொல்லி இடைத்தரகர்கள் தங்கள் இழப்பீட்டுப் பணத்தைச் சுருட்டியதாகக் காவல்துறையிடம் புகார் அளிக்கும் நிலை வந்தது.

சென்னை ஒடுக்கப்பட்டோருக்கு இந்நடைமுறை புதிதன்று. வடபழனிக்குச் சற்று வடக்கே, அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில் கூவக்கரைக் குடியிருப்புகள் 2021 ஜூலையில் இடிக்கப்பட்டன. மக்கள் புளியந்தோப்புக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ஆற்றைக் காக்க. இங்கே புலியைக் காக்க.

மக்கள் இருந்தால் புலி அழியும் என்போர் சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையைப் பார்க்கட்டும். சோளகர்களின் வன உரிமை 2011இல் அங்கீகரிக்கப்பட்ட அப்புலிகள் காப்பகத்தில், 2010, 2014 கணக்கெடுப்புகளுக்கு இடையே புலிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கானது. மசினகுடிப் பகுதியில் 2021 அக்டோபரில் டி23 புலி உயிருடன் பிடிக்கப்பட்டதற்கும் பழங்குடித் தடமறிவோரின் அறிவே துணைநின்றது.

முதுமலைக்குச் செல்லும் மாணவர்கள் தெப்பக்காட்டில் இறங்கியதும் கேட்க வேண்டியவை சில உண்டு: இவ்வூரின் கிராம சபை கடைசியாக எப்போது கூடியது? சமூக வன உரிமைப் பட்டா எத்தனை ஊர்களுக்குக் கிடைத்துள்ளது? நுழைவுக் கட்டணத்தில் இம்மக்களுக்குச் சேரும் பங்கு என்ன?