திருப்தியா தம்பி?

பகுதிநேர வேலை பார்க்கும் கல்லூரி மாணவர்களின் பணித் திருப்தி. எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்டுக்குன்னே நேர்ந்துவிட்ட தலைப்பு இது. ஒரு கேள்வித்தாள், ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் டிக் அடிக்கணும். நாலுக்கு மேல வந்தா பையன் திருப்தியா இருக்கான்னு எழுதி பைண்டிங் போட்டுடலாம். அடங்கொக்கமக்கா!

இந்தக் கேள்விகளோட பூர்வீகம் என்ன? ஹெர்ஸ்பெர்க் 1959ல புத்தகம் போட்டார். அதுக்காகப் பேட்டி எடுத்தது பிட்ஸ்பர்க் பக்கம் இருந்த சுமார் 200 எஞ்சினியர்களையும் கணக்காளர்களையும். அப்புறம் 1967ல மினசோட்டா கேள்வித்தாள். அதோட சுருக்க வடிவத்துல 20 கேள்வி, அதுல ஒண்ணு வேலையில முன்னேற வாய்ப்பு பத்தி. இதைக் கொண்டுபோய் கல்யாண மண்டபத்துல சாம்பார் வாளியோட நிக்கிற பி.காம் ரெண்டாம் வருசப் பையன்கிட்ட நீட்டினா என்ன சொல்லுவான்? தண்ணி ஊத்துறதுல ஆரம்பிச்சு, அப்பளம், பொரியல்னு உயர்ந்து இப்ப சாம்பாருக்கு வந்துட்டேன் சார்னா? (அடுத்தது ஸ்வீட். அதுக்கு சூப்பர்வைசருக்கு சொந்தக்காரனா இருக்கணும் :-))

ராத்திரி ரிசப்ஷன் பந்தி முடிய பன்னெண்டு ஆகும். மண்டபத்து மூலையில ரெண்டு மணி நேரம் கண்ணசந்தா, விடிகாலை டிபனுக்கு இலை போட எழுப்பிடுவாங்க. அப்படியே காலேஜுக்கு ஓடணும், அங்க 75 சதவீத வருகைப்பதிவுக் கத்தி தொங்குது. ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் கிடையாது, அப்ப வருமானமும் கிடையாது. ஃபீஸ் கட்டுற தேதிக்கு பஞ்சாங்கம் எல்லாம் தெரியாதுங்க.

ஹெர்ஸ்பெர்க் சொன்னதுல உருப்படியான விசயம் ஒண்ணு இருக்கு. அதிருப்தி இல்லைங்கறதும் திருப்தியும் ஒண்ணு கிடையாது. சம்பளமும் மேலாளும் சரியா இருந்தா மனுசன் புலம்ப மாட்டான், அவ்ளோதான். நம்ம பையன் கதை அதைவிட மோசம். எதுவுமே சரியில்லாட்டியும் புலம்ப மாட்டான். புலம்பினா அடுத்த முகூர்த்தத்துக்கு போன் வராது, வாட்ஸப் குரூப்புல இருந்தும் தூக்கிடுவாங்க. அந்த பயத்தைத்தான் நாம நாலு மார்க் திருப்தின்னு பைண்டிங் போட்டுக்கிட்டு இருக்கோம்.

கேட்டா, "காலேஜ் பசங்க சார், கைச்செலவுக்கு வர்றாங்க"ம்பாங்க காண்ட்ராக்டர்கள். யோவ், அவனோட கைச்செலவுதான்யா மெஸ் பில்லு, பஸ் காசு, எக்ஸாம் ஃபீஸ் எல்லாம்! ஊதியச் சட்டத் தொகுப்பு 2019ல நிறைவேறி, 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்தாச்சு. குறைந்தபட்சக் கூலியை மணிக்கணக்குலயும் நிர்ணயிக்க அதுல இடம் இருக்கு. மாணவன்னா பாதி கொடுத்தா போதும்னு அதுல எங்கயும் எழுதலை.

ப்ராஜெக்ட் பண்ற தம்பி தங்கச்சிங்களா, அந்த 20 கேள்வியை ஓரமா வைங்க. பேசின காசு அன்னைக்கே கைக்கு வந்துச்சா? சூடான சாம்பார் கால்ல கொட்டினா ஆஸ்பத்திரி செலவு யாரோடது? பரிமாறினவனுக்கு கடைசிப் பந்தியில இலை போட்டாங்களா, இல்ல மிச்சம் மீதியை நின்னுக்கிட்டே தின்னானா? இதைக் கேளுங்க. சூப்பர்வைசர் பக்கத்துல இல்லாதப்ப கேளுங்க.