மூன்று வோல்ட்டில் ஒரு வடிகட்டி

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்தீர்களானால், மின்னணு ஆய்வுக்கூடத்தில் எட்டுக் கால்கள் கொண்ட சிறு கறுப்புச் சில்லு ஒன்று உங்களை வரவேற்கும். அதன் எண் 741. 1968-இல் வெளிவந்த செயற்பாட்டுப் பெருக்கி அது. ஒரு காலுக்கு +15 வோல்ட், மற்றொரு காலுக்கு −15 வோல்ட் கொடுத்து, நம் மாணவர்கள் அதைக் கொண்டு வடிகட்டிச் சுற்று அமைக்கிறார்கள், வரைபடம் போடுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாக நானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அது மட்டும் போதாது என்பது என் கருத்து.

வடிகட்டி என்றால் என்ன? காப்பி வடிகட்டி தூளை நிறுத்திவிட்டு டிகாக்‌ஷனை இறக்குகிறது. மின் வடிகட்டி வேண்டாத அதிர்வெண்களை நிறுத்திவிட்டு வேண்டியவற்றை விடுகிறது. 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் சேர்ந்தால் போதும். எல்லை அதிர்வெண் சுமார் 160 ஹெர்ட்ஸ். 1-ஐ 2πRC-ஆல் வகுத்து நீங்களே சரிபாருங்கள். ஆனால் வடிகட்டிய பின் கிடைக்கும் குறிப்பு மிகச் சிறியது. அதைப் பெரிதாக்கப் பெருக்கி வேண்டும். பெருக்கியை எங்கே வைப்பது, வடிகட்டிக்கு முன்னாலா, பின்னாலா?

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியை நான் சரியாக யோசிக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் மாமல்லபுரம் போனோம்; என்னுடன் நான்கு மாணவர்கள். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பத்து மணலில் ஒரு மைக்கை வைத்து, கரை திரும்பும் படகின் இன்ஜின் ஒலியைத் தனியே பிரித்தெடுப்பது எங்கள் திட்டம். கடற்காற்று மைக்கில் மோதி எழுப்பும் தாழ்ந்த உறுமலை வடிகட்டி நிறுத்திவிடும் என்று நம்பினோம். ஆய்வுக்கூடத்தில் மேசை விசிறியை ஓட்டி ஒத்திகை பார்த்தாயிற்று. அங்கே பிரமாதமாக வேலை செய்தது.

கரையில் ஒன்றும் கேட்கவில்லை. கரகரவென்று ஓர் ஒலி, அவ்வளவுதான்.

காரணம் எளிது. முதலில் நூறு மடங்கு பெருக்கி, பிறகு வடிகட்டும்படி சுற்றை அமைத்திருந்தேன். காற்று மைக்கில் 50 மில்லிவோல்ட் எழுப்பினால், பெருக்கிய பின் அது 5 வோல்ட். ஆய்வுக்கூடத்தில் +15-க்கும் −15-க்கும் இடையே 30 வோல்ட் இடம் இருந்தது. 5 வோல்ட் அதில் தாராளமாக அடங்கியது. கரைக்கு நாங்கள் கொண்டுபோனதோ இரண்டு பென்சில் செல்கள். மொத்தமே 3 வோல்ட். 741 அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இயங்காது. அதன் வெளியீடு இரு எல்லைகளுக்கும் ஓரிரு வோல்ட் முன்பே நின்றுவிடும். ஆகவே 1.8 வோல்ட்டிலேயே இயங்கக்கூடிய எம்சிபி 6002 என்ற சில்லைப் போட்டிருந்தோம். சில்லில் குறையில்லை. 5 வோல்ட் அலையை 3 வோல்ட்டுக்குள் அடைக்க முயன்றது என் குறை.

பெரிய அலையின் முதுகில் சிற்றலைகள் ஏறி வருவதைக் கடலில் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் ஒலி அந்தச் சிற்றலை. பெரிய அலையின் உச்சி வெட்டுப்படும்போது அதன் மேலிருக்கும் சிற்றலையும் சேர்ந்து போகிறது. போனதை எந்த வடிகட்டியாலும் மீட்க முடியாது.

ஒரு மாணவிதான் வழி கண்டாள். பிரெட்போர்டிலிருந்து மின்தேக்கியையும் மின்தடையையும் பிடுங்கிப் பெருக்கிக்கு முன்னால் செருகினாள். 16 ஹெர்ட்ஸ் அளவிலான காற்றின் உறுமல் பத்தில் ஒரு பங்காயிற்று. 5 மில்லிவோல்ட், நூறு மடங்கு பெருகினாலும் அரை வோல்ட்தான். இன்ஜின் கேட்டது.

அப்படியானால் எப்போதும் முதலில் வடிகட்டுவதுதான் சரியா? அதுவும் இல்லை. வடிகட்டியில் உள்ள மின்தடையே வெப்பத்தால் ஓர் இரைச்சலை உண்டாக்குகிறது. குறிப்பு மைக்ரோவோல்ட் அளவில் இருந்தால் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே கொஞ்சம் பெருக்கி, வடிகட்டி, மீண்டும் பெருக்க வேண்டியிருக்கும். மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், ஸ்குவிட் என்னும் நுண்கருவியால் இதயத்தின் காந்தப்புலத்தை அளக்கிறார்கள். பூமியின் காந்தப்புலத்தில் அது ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அங்கே வெளிப்புலங்களைத் தடுக்கும் காப்பறைதான் முதல் வடிகட்டி. பெருக்கியெல்லாம் அதற்குப் பிறகு.

குறைந்த மின்னழுத்தம் என்றால் மின்சாரம் மிச்சம் என்று எண்ணுவீர்கள். இலக்கச் சுற்றுகளில் அது உண்மை. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் திறன் கால் பங்காகும். தொடர்முறைச் சுற்றில் கதை வேறு. குறிப்பின் உயரம் பாதியாகும். வெப்ப இரைச்சலோ குறையாது. பழைய தெளிவு வேண்டுமானால் மின்தேக்கியை நான்கு மடங்காக்க வேண்டும். அதற்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் வேண்டும். பாதி அழுத்தம், இரட்டை மின்னோட்டம்: திறன் அப்படியே! 1.4 வோல்ட் துத்தநாக-காற்றுக் கலத்தில் ஓடும் காது கேட்கும் கருவியை வடிவமைப்பவர் அன்றாடம் மல்லாடுவது இந்தக் கணக்கோடுதான்.

"எல்லாவற்றையும் கணினியிலேயே வடிகட்டலாமே, சார்?" என்று கேட்கும் மாணவர் வகுப்புதோறும் ஒருவர் உண்டு. கணினிக்குள் எண்ணாக நுழையும் முன் வெட்டுப்பட்ட அலை, உள்ளே போயும் வெட்டுப்பட்ட அலைதானே?

741-ஐத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் பெருக்கம் அதிர்வெண் ஏற ஏறக் குறையும். இந்தக் குறையையே வடிகட்டியாகப் பயன்படுத்தலாம் என்று சென்னை ஐ.ஐ.டி.யின் ராதாகிருஷ்ண ராவும் சீனிவாசனும் 1973, 74-இல் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. நான் கேட்பதெல்லாம், 30 வோல்ட்டில் செய்த அதே சோதனையை மறு வாரம் 3 வோல்ட்டில் செய்யப் பாடத்திட்டத்தில் ஒரு பிற்பகல். முதலில் சுற்று தோற்கட்டும். ஏன் தோற்றது என்று மாணவர்களே தேடட்டும்.

நீங்கள் கல்லூரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பென்சில் செல்கள் போதும். வீட்டு மின் இணைப்பின் பக்கமே போகாதீர்கள். 10 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக செல்களுக்குக் குறுக்கே இணையுங்கள். நடுப்புள்ளியில் 1.5 வோல்ட் இருக்கும். −15 வோல்ட் இல்லாத குறையை அது தீர்க்கும். உங்கள் அலை அதற்கு மேலும் கீழும் ஆடட்டும்.